மஞ்சள் நாணும் ரோஸ் நாணும்

சுள்ளி ஒடிகிற அளவுக்குக்கூட இல்லை. நகம் வெட்டும்போது ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலை நேரத்தில் அல்வால் மைதானத்தில் நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்கள். மூங்கில் வில் பிடிக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அம்பு என்னவோ நடு வட்டத்தில்தான் குத்தியிருந்தது. நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தேன். புத்தி எங்கே போயிற்றோ!

"நக்கோ மேடம்! ஔர் ஏக் தீர் நக்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள் ரஃபியா. இன்னொரு அம்பு வேண்டாம் என்கிறாள். ரஃபியா எனக்குக் கோச். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். மைதானத்தில் அவள் சொன்னதுதான் சட்டம்.

என் கையிலிருந்து வில்லைப் பிடுங்கி நாணைக் கழற்றினாள். பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து, வில்லின் முதுகில் மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டினாள். வழுக்கிக்கொண்டே போன பஞ்சு, கீழ் நுனிக்கு நாலு விரற்கடை முன்னால் சிக்கி நின்றது. அங்கே ஒரு நார் எழும்பியிருந்தது. என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"கயா மேடம்" என்றாள். போச்சு.

மாநில அணித் தேர்வுக்குச் சரியாக மூன்று வாரம் இருந்தது. மூங்கில் வில் பெண்கள் பிரிவில் நாலே நாலு இடம். என்னிடம் இருந்தது ஒரே வில். ஆதிலாபாத் பக்கத்திலிருந்து ஒருவர் மூங்கில் வெட்டி, மாதக்கணக்கில் காயவைத்து, வருஷத்துக்கு ஒருமுறை வில் கொண்டுவருவார். அந்த வருஷம் வந்துவிட்டுப் போயாயிற்று. இது ஒடிந்தால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஏற்கெனவே நான் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சில் ஒரு பெண்

சாஃப்ட்வேர் கம்பெனியில் 'பெஞ்ச்' என்றால் என்ன என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். வேலை இருக்கும், செய்வதற்கு வேலை இருக்காது. கூப்பிடும்போது வாருங்கள் என்பார்கள். கூப்பிடவே மாட்டார்கள். ஊரெல்லாம் ரிசெஷன் என்ற ஒரே பேச்சாக இருந்த சமயம் அது.

நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதின புரோகிராமை எடுத்து, எங்கே உடையும், எப்படி உடையும் என்று பார்ப்பது என் பிழைப்பு. எழுதுகிறவர்களுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. "வந்துட்டாங்கப்பா குத்தம் கண்டுபிடிக்க" என்று காதுபடவே சொல்வார்கள். மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் அத்தனை பேரும் டீ கப்பைப் பார்ப்பார்கள். ஆள் குறைக்கிற காலம் வந்ததும் முதலில் பெஞ்சுக்குப் போனதும் நாங்கள்தான்.

வில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போன இடத்தில், ரஃபியா சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை வேடிக்கை பார்த்தேன். "பெரியவங்களும் கத்துக்கலாமா?" என்று கேட்டேன். "ஹவ் மேடம், ஆவோ" என்றாள். ஆமாம், வாங்க என்கிறாள். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பெஞ்சுக்குப் போன பிறகு தினமும் காலையில் மைதானம்தான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நாலு இடத்தில் ஒன்று எனக்கு வேண்டும் என்று வெறியாக இருந்தது. முப்பத்தாறு வயதில், கையில் வேலை இல்லாமல், நான் எதற்காவது லாயக்கு என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் எனக்கு.

ராணிகஞ்சிலிருந்து வந்த கண்டு

இப்போது வில்லனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர்தான். பெயர் கதிரேசன்.

மத்திய அரசின் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. அங்கே என்ன செய்கிறார் என்று வீட்டில் மூச்சுவிட மாட்டார். இழைகளையும் பிசினையும் வைத்து ஏதோ செய்கிறார் என்கிற மட்டுக்கும் எனக்குத் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு நூல் துண்டு கிடக்கும். துணி துவைக்கிறவளுக்குத் தெரியாதா?

வில்லோடு வந்த பருத்தி நாண் பிசிறடித்துவிட்டது. வேறு போட வேண்டும் என்று சாப்பிடும்போது சொன்னேன். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக நான் அவருடைய சப்ஜெக்டில் ஒன்று கேட்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ராணிகஞ்சுக்குப் போய், மெஷின் சாமான் கடைகளில் தேடி, ஒரு கண்டு இழை வாங்கிவந்தார். ஆபீஸிலிருந்து குண்டூசிகூட எடுத்துவராத ஆள் அவர். அது மஞ்சளாக, பட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. எங்கள் வீட்டுக் கத்திரிக்கோலுக்கு அது வெட்டுப்படவே இல்லை.

"இதுக்கு மேல வலு உள்ள இழை இந்த ஊர்லயே கிடையாது மல்லிகா. இழுத்தாலும் ஒரு மயிரிழை நீளாது" என்றார்.

"அவ்வளவு வலு எதுக்குங்க? நான் என்ன யானையவா கட்டப்போறேன்?"

"நாண் நீளலைன்னா சக்தி அத்தனையும் அம்புக்குப் போகும். சும்மா போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். அம்பு பறந்தது! முப்பது மீட்டரில் ஒரு சாண் மேலே போய்க் குத்தியது. பழைய நாண் 'தும்' என்னும். இது சுளீர் என்று ஒரு சத்தம் போட்டது. விடும்போதெல்லாம் முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. ரஃபியா முகத்தைச் சுளித்தாள். "கைக்கு மேடம் இத்தா ஜல்தி?" என்றாள். எதற்கு இவ்வளவு வேகம், பழையதே நன்றாக இருந்ததே என்கிறாள். நான் காதில் வாங்கவில்லை. வேகத்தைக் கண்டு எனக்கும் பேராசை வந்துவிட்டது. அவரை வில்லன் என்று சொன்னேனே, அதில் பாதிப் பங்கு என்னுடையது.

பத்தே நாள்தான். பிறகு அந்தச் சத்தம்.

காஃபி தாகமன்னாரு

வில்லைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி ஆட்டோவில் கொண்டுவந்து, சாயங்காலம் அவரிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மூங்கில்லதான் குறை" என்றார்.

"ரெண்டு வருஷமா இல்லாத குறை பத்து நாள்ல வந்துட்டாக்கும்?"

"நாண் அறுந்துச்சா? இல்லேல்ல? அப்ப நாண் மேல என்ன தப்பு?"

"நாண் அறுந்தா ஒரு நாண் போச்சுன்னு போவேன். இப்ப வில்லுல்லா போச்சு!"

"இருபது வருஷமா இதான் மல்லிகா என் வேலை. நீ எனக்குச் சொல்லுதியா?"

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸில் எத்தனையோ பேர் சொன்னதுதான். வீட்டிலும் அதே வார்த்தையா? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நான் கத்தினேன், அவரும் கத்தினார். பிறகு இரண்டு நாள் பேச்சு கிடையாது.

எங்கள் மகள் யாழினி மாரெட்பள்ளியில் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வருவது தெலுங்கு. "உங்கப்பாவைக் காஃபி குடிக்கச் சொல்லு" என்று நான் சமையலறையிலிருந்து சொன்னால், "நான்னா, அம்மா காஃபி தாகமன்னாரு" என்று மொழிபெயர்த்துக் கொடுப்பாள். பக்கத்து அறையில் இருக்கிற தமிழருக்குத் தமிழச்சி சொன்ன சேதி தெலுங்கில் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் யோசித்தேன். இதையே ஆபீஸில் ஒருவன் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? வாய்ச்சண்டை போட்டிருக்க மாட்டேன். உட்கார்ந்து ஒரு டெஸ்ட் எழுதியிருப்பேன்.

உள்ளதெல்லாம் ரோஸ்தான்

ஜெனரல் பஜாருக்குப் போனேன். நூல் கடை நூல் கடையாக ஏறி இறங்கினேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. தெருமுனையில் நூற்பு ஆலை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நூலைக் கண்டால் கை சும்மா இருக்காது. இரண்டு விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்து அறுத்துப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் தாவணிப் பிசிறைக்கூட நான் விட்டுவைத்ததில்லை, அதற்காக டீச்சரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். ஜெனரல் பஜாரிலும் அதே வேலையைத்தான் காட்டினேன். கடைக்காரர்கள் பாவம்.

பருத்தி வாங்கினேன். மீன் தூண்டிலுக்குப் போடுகிற நைலான் வாங்கினேன். கடைசியாக, ஸ்கூல் பை தைக்கிறவர்கள் வாங்கும் தடித்த பாலியெஸ்டர் நூல். விரலில் சுற்றி இழுத்தால் துளி இளகிக் கொடுத்தது, விட்டால் பழையபடி நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தத் தடிமனில் ஒரே நிறம்தான் இருந்தது. பளீர் ரோஸ்.

"வேற கலர் இல்லையா?"

"ஸ்கூல் திறக்கிற டயம் அம்மா. எல்லாம் போயிருச்சு. இதுதான் இருக்கு" என்றார் கடைக்காரர். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அரிசி மூட்டைக்குத் தூக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனியில் ஊஞ்சலுக்கு என்று போட்ட இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. வாங்கிவந்த மூன்று நூலிலும் மஞ்சள் இழையிலும் ஆளுக்கொன்றாக நாலு நாண் முறுக்கி, ஒவ்வொன்றாக அந்தக் கொக்கியில் மாட்டி, கீழே இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். டேப் வைத்து நீளம் அளந்தேன். இறக்கினேன். மறுபடி அளந்தேன்.

எதிர் வீட்டு அம்மா துணி உலர்த்த வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏமண்டி, பிய்யம் மூட்டகு உரி வேஸ்துன்னாரா?" என்றார். அரிசி மூட்டையைத் தூக்கில் போடுகிறீர்களா என்கிறார். என்ன பதில் சொல்வது? "அவுனண்டி" என்று ஒத்துக்கொண்டேன்.

பருத்தி நீளவில்லை, ஆனால் வாளித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்ததும் அரை அங்குலம் சுருங்கிவிட்டது. நைலான் மூட்டையைத் தாங்கியது, இறக்கின பிறகும் நீண்டது நீண்டபடியே கிடந்தது. மஞ்சள் இழை ஒரு மயிரிழையும் நீளவில்லை. மனுஷர் பொய் சொல்லவில்லை. ரோஸ் கொஞ்சம் நீண்டது, இறக்கியதும் தன் அளவுக்குத் திரும்பிவிட்டது. தண்ணீரில் போட்டாலும் அதே அளவு.

இதற்குள் கதிரேசன் செய்தித்தாளோடு பால்கனி வாசல்படிக்கு வந்துவிட்டார். இரண்டு நாள் மௌனத்தையும் மறந்து, "என்ன பண்ணுத?" என்றார்.

"டெஸ்ட். வாங்க. இந்தக் கொக்கிய இறுக்கிப் பிடிங்க."

"எதுக்கு?"

"பிடிங்கன்னா பிடிங்க."

பிடித்தார். மஞ்சள் நாணில் மூட்டையை மாட்டி, ஒரு சாண் தூக்கிக் கீழே விட்டேன். நங்கென்று ஒரு அடி. கொக்கியைச் சுற்றிக் காரை உதிர்ந்து அவர் தலையில் கொட்டியது. "ஐயோ!" என்று கையை உதறினார்.

"இருங்க, இன்னொண்ணு இருக்கு." ரோஸ் நாணை மாட்டி, அதே ஒரு சாண் தூக்கி விட்டேன். மூட்டை மெத்தென்று இறங்கி இரண்டு தடவை ஆடி நின்றது. காரை உதிரவில்லை.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"உங்க நாண் அறுந்தே போகாதுங்க. நான் ஒத்துக்கிடுதேன். ஆனா நாண் வாங்காத அடிய யாராவது வாங்கணும்லா? அம்பு விடும்போதெல்லாம் அத்தனையும் வில்லு மேல விழுது. இப்ப உங்க கை வாங்குச்சே, அதுதான்."

அவர் தலையில் கிடந்த காரையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். சரி, மறுபடி காஃபிக்கு மொழிபெயர்ப்புத்தான் என்று நினைத்தேன்.

வில்லை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "கட்டு நான் போடுதேன். எந்த நூலால கட்டலாம்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளு" என்றார்.

ரஃபியாவுக்கு போன் செய்தேன். பருத்தி நூல் கட்டுக்குத் தேர்வில் யாரும் ஆட்சேபம் சொல்ல மாட்டார்கள் என்றாள். நார் எழும்பிய இடத்தில் பசையை ஊசியால் இறக்கி, நூலைப் பிசினில் நனைத்து, ஒரு சுற்றின்மேல் ஒரு சுற்று ஏறாமல் அவர் கட்டியதைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு நேர்த்தி. இருபது வருஷ வேலை என்று அவர் சொன்னதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு நாள் காயவிட்டோம்.

ரோஸ் கலரில் ஒரு வீராங்கனை

ரோஸ் நூலைத் தேவையான இழை சேர்த்து முறுக்கி, தேன்மெழுகு தேய்த்து, இரண்டு நுனியிலும் கண்ணி வைத்து, அம்பு உட்காரும் இடத்தில் நூல் சுற்றினேன். ஒன்று அறுந்தால் இருக்கட்டும் என்று இரண்டாகச் செய்தேன்.

முதல் அம்பை வைத்து மெதுவாக இழுத்தேன். ரஃபியா வில்லுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். விட்டேன். தும். வேறு சத்தம் இல்லை. அம்பு கொஞ்சம் கீழேதான் போனது. வேகம் குறைந்ததில் வருத்தம்தான், ஆனால் பத்து அம்பும் பக்கம் பக்கமாக விழுந்தன. பாக்கி இருந்த நாட்களில் குறியை மாற்றிப் பழகிக்கொண்டேன்.

தேர்வு நாளன்று மைதானத்தில் நான்தான் மூத்தவள். மற்றவர்கள் பதினாறு, பதினெட்டு. பத்ராசலம் பக்கத்துப் பெண் ஒருத்தி என் நாணைப் பார்த்துத் தோழி காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும், எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. வில்லைச் சோதித்த நடுவர் கட்டின்மேல் விரலை ஓட்டினார். என் உயிர் என்னிடம் இல்லை. தலையாட்டித் திருப்பித் தந்தார்.

முதல் பாதி முடிந்தபோது நான் ஏழாவது. கதிரேசன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றிருந்தார். நான் அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கினதும் தூறல். அம்பு விடுவதை நிறுத்தும் அளவுக்கு இல்லை, நனைக்கும் அளவுக்கு இருந்தது. பருத்தி நாண் போட்ட பெண்களுக்கு நாண் சுருங்கி அம்பு இடம் மாறத் தொடங்கியது. கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவில் முஷ்டியை வைத்து அளப்பதும், முறுக்கைத் தளர்த்துவதுமாகத் தவித்தார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது, என் நாண் மட்டும் வாளித் தண்ணீரில் இருந்தபடியே இருந்தது. நான் இழுத்தேன், விட்டேன். இழுத்தேன், விட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்த பெண் மட்டும் மழையையும் நாணையும் சட்டையே பண்ணவில்லை. அவள் கை அப்படி. முதலிடம் அவளுக்குத்தான்.

நாலாவதாக என் பெயரைப் படித்தார்கள்.

ரஃபியா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "கைக்கு ரோரே மேடம்?" எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே அவளும் அழுதாள்.

அப்போது வேறு மாவட்டத்துக் கோச் ஒருவர் கதிரேசனிடம் போனார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். மழையில் ஒரே ஒரு நாண் அசையாமல் நின்றதை அவர்கள் கவனித்திருந்தார்கள். "சார், நீங்க டிஃபென்ஸ்ல இருக்கீங்களாமே? நாண் நீங்க செஞ்சதுதானே? என்ன மெட்டீரியல் சார்?" என்று ஹிந்தியில் கேட்டது என் காதில் விழுந்தது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஆமாம் என்று அவர் தலையாட்டியிருந்தாலும் அன்றைக்கு நான் மன்னித்திருப்பேன். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன்.

"நான் செஞ்ச நாண் வில்லை ஒடிக்கப் பாத்துச்சு சார்" என்றார் கதிரேசன், சத்தமாகவே. "இது என் வொய்ஃப் செஞ்சது. அவங்க டெஸ்டர். அவங்ககிட்டயே கேளுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், "மல்லிகா, வா. முதல்ல இருந்து சொல்லு" என்றார்.

போனேன். அரிசி மூட்டையிலிருந்து ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் தட்டுத்தடுமாறி நான் சொல்லச் சொல்ல, அந்த மூன்று பேரும் ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். தாள் நனையாமல் இருக்க கதிரேசன் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.